எட்டுக் கண்ணும் ஒரு மீட்டரும்

சிடோஆர்ஜோ நகரில் பதினோராம் தெருவின் முதல் வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'இவ்வில்லம் இருபத்து நான்கு மணி நேரமும் எட்டுக் காமிராக்களின் கண்காணிப்பில் உள்ளது' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், 'ஹெர்மவான், தெருத்தலைவர்' என்று இருக்கும்.

சனிக்கிழமை காலை கருவிப் பையோடு உள்ளே வந்த குந்தோரோ, பலகையைப் படித்துவிட்டு எட்டுக் காமிராக்களையும் நிமிர்ந்து பார்த்தார். இருபது வருடமாகக் காமிரா பழுது பார்க்கிறவர். ஒன்றிலும் உயிர் இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"எத்தனை நாளா படுத்திருக்கு, பாக்?" என்று கேட்டார். அந்த ஊரில் பாக் என்றால் ஐயா, மாஸ் என்றால் அண்ணன், இபு என்றால் அம்மா.

"அதுவா படுக்கல மாஸ். படுக்க வச்சிருக்காங்க" என்றார் ஹெர்மவான். விடுமுறை நாளிலும் பெயர்ப்பட்டை குத்திய சட்டை போட்டிருந்தார். "நீங்க பொட்டிய மட்டும் எழுப்பிக் குடுங்க. யார் படுக்க வச்சதுன்னு நான் சொல்றேன்."

கூடத்தில் ஏற்கனவே ஒரு சபை கூடியிருந்தது. ஹெர்மவானின் மனைவி இபு எண்டாங், காபியும் பொரித்த வாழைப்பழமும் வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு வாரிடியைச் 'சாட்சி' என்று சொல்லி ஹெர்மவான் வரவழைத்திருந்தார். சமையலறை வாசலில் அந்த வீட்டில் ஆறு வருடமாக வேலை செய்யும் தார்மி, நான்காக மடித்த ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

விஷயம் இதுதான். புதன்கிழமை மாலை ஹெர்மவானின் முராய்ப் பறவை கூண்டிலிருந்து காணாமல் போய்விட்டது. மூன்று பாட்டுப் போட்டிகளில் கோப்பை வாங்கிய பறவை, பெயர் ஜெனரல். அன்று பார்த்து காமிராப் பதிவுப் பெட்டியும் செத்துவிட்டது. அதற்கு முன் சில நாட்களாகவே மாலை நாலே முக்காலுக்குக் கைப்பேசியில் படம் இருண்டு போவதை ஹெர்மவான் கவனித்திருந்தார். ஐந்து நிமிடம் கழித்துப் படம் திரும்பும்போதெல்லாம் வாசல் மீட்டர் பெட்டியின் முன்னால் தார்மி நிற்பாள், கையில் விளக்குமாற்றுக் கட்டையோடு. இதற்குமேல் என்ன வேண்டும்? கரண்டை நிறுத்திவிட்டுப் பறவையைத் தூக்கியவள் அவள்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

தார்மி கையிலிருந்த கடிதத்துக்குத் திங்கட்கிழமை கடைசி நாள். அவள் இரண்டாவது மகளுக்குச் செவிலியர் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணச் சலுகை வேண்டுமானால், 'இந்தக் குடும்பம் உண்மையிலேயே வசதியற்றது' என்று தெருத்தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். போன வாரம் கேட்டபோது ஹெர்மவான் முப்பது கேள்வி கேட்டார். சுவர் செங்கலா மூங்கிலா, தரை சிமெண்டா மண்ணா, அடுப்பில் என்ன சிலிண்டர் என்றெல்லாம்.

"பச்சைச் சிலிண்டர்தான் பாக்" என்றாள் தார்மி, "உங்க அடுப்படியில இருக்கறது மாதிரியே." ஏழைகளுக்கு மட்டும் என்று உடம்பிலேயே எழுதிக்கொண்டு வரும் சிலிண்டர் அது. ஹெர்மவான் அந்தக் கேள்வியை விட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டார். கையெழுத்து மட்டும் விழவில்லை. இப்போதோ, "திருடிக்குக் கையெழுத்தா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாக், ஒரு சின்ன விஷயம் சொல்லிடறேனே..." என்று ஆரம்பித்தார் வாரிடி.

"சாட்சி கடைசியிலதான் பேசணும், வாரிடி. முறைன்னு ஒண்ணு இருக்கு. வாழைப்பழம் சாப்பிடுங்க."

வாரிடி வாழைப்பழம் சாப்பிட்டார்.

குந்தோரோ பதிவுப் பெட்டியின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கரண்ட் கொடுத்ததும் பெட்டியின் விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. உள்ளே 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். எழுந்திருக்க முயன்று முயன்று உட்கார்ந்துவிடும் நோயாளியைப் போல. குந்தோரோ காமிரா வயர்களைக் கழற்றிப் பார்த்தார். மாற்றமில்லை. பெட்டியைத் திறந்து ஹார்ட் டிஸ்கின் வயரைப் பிடுங்கினார். விளக்கு நிலையாக எரிந்தது.

"டிஸ்க்கு போச்சா?" ஹெர்மவானின் குரல் உடைந்தது.

"டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கும். அதைச் சுத்த வைக்கத் தெம்பு பத்தல. சோறு போடற ஆளப் பாப்போம்." அடாப்டரைக் கையில் எடுத்து மீட்டரின் முனைகளை வைத்தார். பன்னிரண்டு வோல்ட் காட்டியது. டிஸ்க்கை மாட்டிவிட்டு மறுபடி வைத்தார். ஒன்பதுக்கு இறங்கியது. "சும்மா இருக்கும்போது பன்னெண்டு, வேலைன்னு வந்தா ஒம்பது. ஏன் பாக், இது பொட்டியோட வந்த அடாப்டர் இல்லையே?"

"அது புதன்கிழமை கருகிடுச்சு. நானே மாத்தினேன்" என்று ஹெர்மவான் நெஞ்சை நிமிர்த்தினார். "இன்டர்நெட் பொட்டியோட பழசு ஒண்ணு இருந்துது. ஓட்டை கச்சிதமாப் பொருந்துச்சு."

"ஓட்டை பொருந்தும் பாக். இது ஒரு ஆம்பியர், பொட்டிக்கு வேண்டியது நாலு. கல்யாண வீட்டுக்கு ஒரு டம்ளர் அரிசி போட்ட கதை."

சமையலறை வாசலில் ஒரு சிரிப்பு புறப்பட்டு, இருமலாக முடிந்தது.

குந்தோரோ பையிலிருந்து புது அடாப்டரை எடுத்து மாட்டினார். பெட்டி ஒருமுறை முனகி எழுந்தது. தொலைக்காட்சித் திரையில் எட்டுக் கட்டங்களும் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. கூடம், வாசல், கூண்டு, பின்பக்கம், எல்லாம் வந்தன. ஹெர்மவான் எழுந்து நின்றார். நீதி வழங்குகிறவர்கள் நின்றுகொண்டுதான் வழங்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

"செவ்வாய்க்கிழமை, நாலே முக்கால். போடுங்க."

திரை இருண்டது. பிறகு வெளிச்சம் வந்தபோது வாசலில் தார்மி. கட்டையின் முனை மீட்டர் பெட்டிக்குள்.

"பாத்தீங்களா! வாரிடி, பாத்தீங்களா! கையும் களவுமா!"

"பாக், அந்த ஜெனரல்..." என்றார் வாரிடி.

"கடைசியில!"

தார்மியின் கண் கலங்கிவிட்டது. "நான் அணைக்கல பாக். அல்லாமேல சத்தியமா, நான் ஏத்தி விடத்தான் போவேன். எனக்குக் கை எட்டாது, அதான் கட்டை."

"அணைச்சவதானே ஏத்தி விடுவா?"

குந்தோரோ தலையைச் சொறிந்தார். "பாக், இருட்டு போனதுக்கு அப்புறம் அவங்க எங்க இருந்தாங்கன்னு பாத்துட்டோம். இருட்டறதுக்கு முன்னாடி எங்க இருந்தாங்கன்னு பாக்கலையே?"

பதிவைப் பின்னால் ஓட்டினார். ஏழாம் கட்டத்தில், பின்பக்கம் குழாயடியில், தார்மி ஹெர்மவானின் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். பெயர்ப்பட்டை இருந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை தேய்த்தாள். மோட்டார் ஸ்விட்சைப் போட்டாள். அடுத்த நொடி திரை இருண்டது. வாசல் மீட்டர் அங்கிருந்து ஒரு வீடு தூரம். திங்கட்கிழமையும் அதேதான். ஞாயிற்றுக்கிழமையும்.

"அப்போ யார் நிறுத்தறது?"

"வாங்க, கேப்போம். இபு, வழக்கமா சாயந்தரம் எதெல்லாம் ஓடுமோ அதெல்லாம் போடுங்க."

இபு எண்டாங் எழுந்தார். படுக்கையறை ஏசி ஓட ஆரம்பித்தது. சோறு வேகும் குக்கரில் சிவப்பு விளக்கு வந்தது. இஸ்திரிப் பெட்டி சூடேறியது. பிறகு தார்மி பின்பக்கம் போய் மோட்டாரைப் போட்டாள்.

'டக்.'

வீடு முழுவதும் அடங்கியது. பதிவுப் பெட்டிதான் முதலில் கண்ணை மூடியது. அந்த அமைதியில், யாரும் சொல்லாமலே, தார்மி கதவுக்குப் பின்னாலிருந்த விளக்குமாற்றுக் கட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். எல்லோரும் பின்னால் போனார்கள். அவள் குதிகாலை உயர்த்தி, கட்டையால் கீழே விழுந்திருந்த ஸ்விட்சை மேலே தள்ளினாள். தினமும் படத்தில் வந்த அதே காட்சி.

குந்தோரோ மீட்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "நாலு ஆம்பியர். தொள்ளாயிரம் வாட் இணைப்பு" என்றார். பெட்டியில் செருகியிருந்த ரசீதை இழுத்துப் படித்தார். பிறகு மாடியைப் பார்த்தார், மாடியில் தொங்கிய ஏசியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "சலுகை வகை."

அந்தத் தெருவில் சலுகை வகை என்றால் என்ன என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். வசதியற்ற குடும்பங்களுக்கு மலிவு விலையில் கிடைக்கும் மின்சாரம் அது. மூன்று வருடம் முன் அதற்குத் தகுதியானவர்களைக் கணக்கெடுக்க வந்தவர்களை வீடு வீடாகக் கூட்டிப் போனவர் ஹெர்மவான்தான். தன் வீட்டுக்கு மட்டும் பின் சந்து வழியாகக் கூட்டிப் போய், பூசாத சமையலறைச் சுவரைக் காட்டினார். அவர்கள் சுவரைப் படம் எடுத்துக்கொண்டு, வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"ஒரு பேட்டரி பொட்டி வச்சா சரியாயிடாதா மாஸ்?" ஹெர்மவானின் குரல் இரண்டு படி இறங்கியிருந்தது.

"வச்சா ரெக்கார்டர் பொழைக்கும். ஸ்விட்ச் விழறது நிக்காது. தினமும் இப்படி விழுந்து விழுந்துதான் பழைய அடாப்டரும் கருகியிருக்கு. மாளிகைய நாலு ஆம்பியர்ல ஓட்ட முடியாது பாக். வாடகை ரூம்ல ஒரு பல்பும் ஃபேனும் ஓட்டலாம்."

"தார்மி மேல தப்பில்லைங்க" என்று இபு எண்டாங் முதல்முறையாக வாய் திறந்தார். "ஸ்விட்ச் விழுந்தா நீங்க கத்துவீங்கன்னு, சத்தமில்லாம ஏத்தி விட்டுடுன்னு நான்தான் சொல்லி வச்சேன். மூணு நாளா அவ என்னைக் காட்டிக் குடுக்காம நிக்கறா. எனக்குத்தான் வாய் வரல."

ஹெர்மவான் கடைசி ஆயுதத்தைப் பிடித்துக்கொண்டார். "சரி. ஆனா ஜெனரல்? அது எங்க போச்சு? புதன்கிழமையப் போடுங்க!"

கூடத்துக்குத் திரும்பி வந்து போட்டார்கள். நாலரை மணி. மூன்றாம் கட்டத்தில் ஹெர்மவான் கூண்டைத் திறந்து ஜெனரலுக்கு வெட்டுக்கிளி கொடுக்கிறார். கைப்பேசி அடிக்கிறது. ஒரு கையை இடுப்பில் வைத்து, முகவாயை உயர்த்தி, யாரோ அதிகாரியிடம் பேசுவதைப் போல வானத்தைப் பார்த்துப் பேசுகிறார். அவருக்குப் பின்னால் ஜெனரல் கூண்டு வாசலில் வந்து நிற்கிறது. இடமும் வலமும் பார்க்கிறது. ராணுவ ஒழுங்கோடு புறப்பட்டுப் போகிறது. ஹெர்மவான் பேசி முடித்து, காலிக் கூண்டைக் கவனமாகப் பூட்டுகிறார்.

குந்தோரோ கருவிப் பையில் எதையோ தீவிரமாகத் தேட ஆரம்பித்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

"வாரிடி" என்றார் ஹெர்மவான் மெதுவாக, "நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே."

"ஜெனரல் எங்க வீட்ல இருக்கு பாக். புதன்கிழமையே என் பறவைங்க சத்தம் கேட்டு வந்துடுச்சு. நல்லா சாப்பிடுது. ரெண்டு தடவ வந்து உங்க பெல்ல அமுக்கினேன். ரெண்டு தடவையும் கரண்ட் இல்ல. வாசல்ல நின்னு சலாம் சொல்லிக் கூப்பிட்டேன், நீங்க ஏசி ரூம்ல. தெரு வாட்ஸாப்ல போடலாம்னா, அதுல உங்களத் தவிர யாரும் எழுத முடியாதபடி பூட்டி வச்சிருக்கீங்க."

ஹெர்மவான் நாற்காலியில் உட்கார்ந்தார். மேசைமேல் தார்மி வைத்த கடிதம் இருந்தது. பேனாவை எடுத்தார். 'இவர் உண்மையிலேயே வசதியற்றவர் என்றும், இந்தச் சலுகைக்குத் தகுதியுள்ளவர் என்றும் என் மனமறிய உறுதி கூறுகிறேன்' என்ற வரியில் பேனா நின்றது. அந்த வரியில் இதுவரை நூறு தடவையாவது கையெழுத்துப் போட்டிருப்பார், படித்தது அன்றுதான். கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, எழுந்து போய் இரண்டு கையாலும் தார்மியிடம் கொடுத்தார்.

"கேள்வி எதுவும் இல்லையா பாக்?" என்றாள் தார்மி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"இனிமே என்னைத்தான் கேட்டுக்கணும், யூ" என்றார் ஹெர்மவான், அக்கா என்று மரியாதை வைத்து.

கேட்டுக்கொண்டார் என்றுதான் தெரிகிறது. அடுத்த வாரம் மின்சார அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, சலுகை இணைப்பைக் கழற்றிவிட்டு, முழு விலை இணைப்பைப் பொருத்திவிட்டுப் போனார். அடுப்படியில் பச்சைச் சிலிண்டர் போய், சலுகையில்லாத இளஞ்சிவப்புச் சிலிண்டர் வந்தது. தெரு வாட்ஸாப் பூட்டு திறந்தது. திறந்ததும் அதில் வந்த முதல் செய்தி ஹெர்மவானுடையது: 'தார்மி மேல் நான் சொன்ன பழி பொய். ஏழைகளுக்கு என்று வைத்த சலுகையில் மூன்று வருடமாக நான்தான் கை வைத்திருந்தேன். வைத்துக்கொண்டே, ஏழையின் கை எங்கே இருக்கிறது என்று எட்டுக் காமிராவில் தேடிக்கொண்டிருந்தேன். மன்னியுங்கள்.' இரண்டாவது செய்தி வாரிடியுடையது. பறவைக் குரல், இரண்டு நிமிடம்.

அன்று மாலை நாலே முக்கால். ஏசி, குக்கர், இஸ்திரி எல்லாம் ஓடின. தார்மி மோட்டாரைப் போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் கட்டையோடு வாசலுக்கு வந்து நின்றாள். ஜெனரல் திரும்பி வந்திருந்த கூண்டுக்கருகில் ஹெர்மவான் வெட்டுக்கிளியோடு நின்றிருந்தார். கைப்பேசி உள்ளே இருந்தது. இருவரும் மீட்டரைப் பார்த்தார்கள். தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் கேட்டது. ஸ்விட்ச் அசையவில்லை.

"விழல பாக்" என்றாள் தார்மி. கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பியவள் நின்றாள். "ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? நமக்குப் பாத்தியமில்லாத எடத்துல நாம கை வச்சிருந்தா, நாம பாக்கற கையெல்லாம் திருட்டுக் கையாத்தான் தெரியும். அந்தக் கைய எடுத்துட்டா எட்டுக் கண்ணு வேணாம் பாக். இருக்கற ரெண்டே போதும்."

ஹெர்மவான் கோபித்துக்கொள்ளவில்லை. கூண்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று அந்த இரண்டு கண்ணாலும் ஒருமுறை பார்த்துவிட்டு, வாசல் பலகையைக் கழற்ற ஏணி எடுக்கப் போனார்.