யார் சொன்னது, எங்கே வைத்துச் சொன்னது

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு கூட்டத்தில் ஒரு பேராசிரியர் தேநீரை உறிஞ்சிக்கொண்டே, "கரிசக்காட்டுப் பிள்ளைங்களுக்கு மனப்பாடம் வரும், எழுத வராது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் அந்தப் பக்கத்துப் பிள்ளைதான் என்று அவருக்குத் தெரியாது. கதையாகச் சொன்னால் குறுக்கே பேசமாட்டார் என்பதால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

முதல் வரிகள்:

"கந்தகம் மணக்கும் கோவில்பட்டியின் அதிகாலையில்…" [வேண்டாம். அதிலேயே பிறந்தவர்களுக்கு அது மணப்பதில்லை.]

"முத்துசெல்வி ஓர் ஏழைப் பெண்." [அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கினால் நீங்கள் இரக்கப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். அவளுக்குப் பிடிக்காது. எனக்கும்தான்.]

"1999 ஆகஸ்டில் முத்துசெல்வி திருடி என்று பெயர் வாங்கினாள்."

இது இருக்கட்டும்.

2

கரிசக்காட்டு நாகலாபுரத்துக்காரி. வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம், முதலாண்டு. பாடமும் ஆங்கிலம், கட்டுரையும் ஆங்கிலம். மானாவாரி வேளாண்மை பற்றி நாலு பக்கம் எழுதச் சொன்னார்கள். அவள் நூலகத்தில் இருந்ததிலேயே தடித்த புத்தகத்தை எடுத்து ஓர் அத்தியாயத்தைத் தொண்டை கட்டும்வரை உருப்போட்டாள். பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதினாள்.

பாடம் எடுக்கும் சுகுணா மேடம் கட்டுரையையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"காப்பி அடிச்சிருக்கே."

"இல்ல மேடம். மூடி வச்சுட்டுத்தான் எழுதுனேன்."

"வரிக்கு வரி அப்படியே இருக்கு!"

"ஆமா மேடம். காற்புள்ளிகூட விடல."

சொன்னபோது அவள் முகத்தில் பெருமை. அந்தப் பெருமையை நீங்கள் புரிந்துகொள்ளாவிட்டால் இந்தக் கதையை இங்கேயே மூடிவிடலாம். பன்னிரண்டு வருடப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சொல்லித்தந்த நேர்மை அதுதான்: பார்த்து எழுதினால் களவு, பார்க்காமல் எழுதினால் உழைப்பு. ஒரு சொல் மாறினாலும் மதிப்பெண் குறையும்.

"பார்த்தா என்ன, பார்க்காட்டா என்ன? இது யாரோட வார்த்தை? திங்கக்கிழமைக்குள்ள வேற எழுதிட்டு வா. இல்லேன்னா களவுன்னு துறைத்தலைவருக்கு எழுதிக் கொடுத்திருவேன். அப்புறம் இங்க படிக்க முடியாது."

3

சுகுணா மேடத்தின் மீது எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் வரைவில் அவரைக் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். உதட்டுச்சாயமெல்லாம் பூசிவிட்டிருந்தேன். துடைத்துவிட்டேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் முதல் நாளே அதைச் சொல்லித் தராமல், பிடித்தபிறகு கேட்பது என்பது… [இந்த வாக்கியத்தை முடித்தால் கெட்ட வார்த்தையில்தான் முடியும்.]

முத்துசெல்வி சனிக்கிழமை பெட்டியோடு ஊருக்குப் பேருந்து ஏறினாள். புத்தகமும் பெட்டிக்குள் இருந்தது. திரும்புவதா இல்லையா என்று அவளுக்கே தெரியாது.

(அடிக்குறிப்பு போல ஒன்று: பேருந்துப் பயணத்தை அரைப் பக்கம் வர்ணித்திருந்தேன். சன்னலுக்கு வெளியே வேலிக்கருவையைத் தவிர எதுவும் வராததால் நீக்கிவிட்டேன்.)

4

அவளுக்கு முந்தியே செய்தி ஊருக்கு வந்துவிட்டது. அதே பல்கலைக்கழகத்தில் படிக்கும் மேலத்தெரு செல்வகணேஷின் உபயம். ஞாயிறு காலை குழாயடிக்குப் போனால், அதைத் தெருவெல்லாம் பரப்பிய சீனித்தாய் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, என்னப் பத்தி ஊரெல்லாம் பேசுதியளாமே?"

"யாரு சொன்னா? எங்கன வச்சுச் சொன்னேன்? ஆளக் கூட்டிட்டு வா, பேசுவோம்." சீனித்தாய் நடையைக் கட்டினாள்.

எங்கள் பக்கத்துக் குழாயடிக்கு ஒரு சட்டம் உண்டு. 'பேசுதியளாமே' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் யாரும் நின்று பதில் சொல்லமாட்டார்கள். சொன்ன ஆள், சொன்ன இடம், சொன்ன நேரம், சொன்ன சொல் எல்லாம் சரியாக வைத்தால்தான் எதிராளி குடத்தை இறக்கிவைப்பாள். குடம் தரையில் இறங்கினால்தான் சண்டை தொடங்கியதாகக் கணக்கு.

முத்துசெல்வி விடவில்லை. "நேத்து சாயங்காலம், பெருமாள்சாமி அண்ணாச்சி கடை வாசல்ல. 'செல்வி களவாண்டு மாட்டிக்கிட்டா, இனிமே தீப்பெட்டி ஆபீஸ்தான்'னு சொன்னியளா இல்லியா? அண்ணாச்சி அங்கனதான் நின்னாவ. கேப்பமா?"

குடம் இறங்கியது.

"சொன்னேன். அதுக்கென்ன இப்போ?"

"களவாண்டு மாட்டிக்கிட்டான்னு சொல்லியிருக்கிய!"

"ஆமா, சொன்னேன்."

"தீப்பெட்டி ஆபீஸ்தான்னு சொல்லியிருக்கிய!"

வரிசையில் நின்ற முத்துசெல்வியின் அம்மா வெயிலுகந்தம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, அவ சொன்னதயே எத்தன மட்டம் சொல்லுவ? அது அவ பேச்சு. ஓம் பேச்ச எங்கட்டி?"

குழாயடியே சிரித்தது. முத்துசெல்வி திறந்த வாய் திறந்தபடி நின்றாள்.

"என்னட்டி, வாயில கொழுக்கட்டையா?" என்றாள் சீனித்தாய்.

"சித்தி, செத்த இருங்க. சண்டைய அப்புறமா வச்சுக்கிடுவோம்." அவள் வீட்டைப் பார்த்து ஓடினாள்.

"குடத்த இறக்க வச்சுட்டுப் பாதியில ஓடுதாளே, வெவரங்கெட்டவ!"

5

[இந்தப் பகுதியை எழுதும்போது என் கை வேகமாக ஓடுகிறது. எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும்.]

புத்தகத்தைத் திறந்தாள். இந்த முறை உருப்போடவில்லை, அகராதியோடு உட்கார்ந்து படித்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த ஆசிரியர் எழுதியிருந்ததன் பொருள் இது: அறுவடைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் இப்பகுதி மக்கள் வேலையின்றிக் கழிக்கிறார்கள், உழைப்பில் நாட்டம் குறைந்தவர்கள்.

அந்த வரியைத் தன் கையாலேயே, அரைப்புள்ளியோடு, அழகாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். அம்மாவைச் சோம்பேறி என்று எழுதிவிட்டு அதற்கு மதிப்பெண்ணும் எதிர்பார்த்திருக்கிறாள்!

குடத்தோடு உள்ளே வந்த அம்மாவை மறித்தாள். "யம்மா, மாசி முடிஞ்சா ஆவணி வரைக்கும் நீ என்ன செய்வ?"

"என்னத்தச் செய்ய? தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்தா பெட்டி ஒட்டப் போறேன். வராட்டி கரி சுடுத மூட்டத்துக்குக் கருவை வெட்டப் போறேன். ஏன்?"

"சும்மா இருக்கன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு."

"நேர்ல வந்து பாத்தாராமா?"

பார்த்தாள். பக்கத்தின் அடியில் சிறிய எழுத்து. "இன்னொருத்தர் சொன்னதாப் போட்டிருக்காரு."

"அப்பக் கோள்மூட்டி!"

முத்துசெல்விக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆசிரியர் பெயர் இருக்கிறது. ஆண்டு இருக்கிறது. பக்கம் இருக்கிறது. சொன்ன சொல் அச்சில் இருக்கிறது. 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று இந்த மனிதர் நழுவ முடியாது. இவர் அச்சடித்த அன்றே குடத்தை இறக்கிவிட்டார்! இத்தனை நாளும் யாரும் போய்க் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் அடைத்தாள். பக்க எண் போட்டாள். அடுத்து, 'ஆனாலும்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஹவெவர்' என்று எழுதினாள். எத்தனையோ தடவை உருப்போட்ட சொல். ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தாள். இப்போது எழுதியபோது இடுப்பில் கைவைத்து நிற்பதுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு தெருத்தெருவாகப் போனாள். சீனித்தாய் வீட்டையும் விடவில்லை.

"சித்தி, ஒங்க பேரப் போடணும். நீங்க என்ன வேல பாக்கிய, எந்த மாசம் பாக்கிய, எல்லாம் சொல்லணும்."

"சண்டை?"

"அது இருக்கு. இத மொதல்ல சொல்லுங்க."

சீனித்தாய் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "நான் சொன்னபடியே போடணும். மாத்தி எழுதுன, ஒங்க காலேஜுக்கே வந்துருவேன்" என்றாள்.

6

திங்கட்கிழமை மேடத்தின் மேசையில் நாலு பக்கம். ஆங்கிலம் நொண்டுகிறது. பன்மைக்கு ஒருமை, ஒருமைக்குப் பன்மை. ஆனால் மூன்றாம் பத்தியில் 'இவர் சொல்வது தவறு என்று நான் வாதிடுகிறேன்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த 'நான்' எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை.

முடிவுகள்:

அ) மேடம் கண்கலங்கி அவளைக் கட்டிக்கொள்கிறார். [அவர் அந்த மாதிரி ஆள் இல்லை.]

ஆ) குழாயடிப் பேச்செல்லாம் ஆதாரமாகாது என்று பூஜ்யம் போடுகிறார். களவுப் புகாரும் போகிறது. பெட்டி மறுபடி ஊருக்கு… [இதுதான் நடக்கும் என்று என் கை சொல்கிறது. எழுத மறுக்கிறேன்.]

இ) இல்லை. கட்டுரையை உங்கள் மேசைக்கே தள்ளிவிடுகிறேன். பிழைகளைத் திருத்தவில்லை. மதிப்பெண்ணை நீங்கள் போடுங்கள். களவு என்று எழுதுவதானாலும் எழுதுங்கள். ஆனால் எந்த வரி, யாருடையது, எந்தப் பக்கம் என்று சேர்த்து எழுதுங்கள்.

மதிப்பெண் இனி உங்கள் கையில் என்று அவளிடம் சொல்லத் துறை வராந்தாவில் தேடினேன். ஆள் இல்லை. நூலகத்தில் இருக்கிறாள். முன்னைவிடத் தடித்த ஒரு புத்தகத்தை விரித்து, ஒரு வரியின்மேல் விரலை அழுத்திக்கொண்டு, உதடு மட்டும் அசைய யாரிடமோ கேட்டுக்கொண்டிருக்கிறாள்:

"சொன்னியளா, இல்லியா?"