கடைசிப் பாட்டுக்கு டிரம்ஸ்

டிரம்ஸ்காரன் துடைத்த குச்சியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை முதல் அவனுக்கு அச்சகத்தில் வேலை. மனைவிக்கு ஏழாம் மாதம். படுக்கையைவிட்டு இறங்கவே கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனி ஊர் ஊராகப் போய் வாசிப்பதெல்லாம் நடக்காது. ஆறு வருஷம் சேர்ந்து வாசித்த நெட்டையனிடம் இதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

நெட்டையன்தான் சாக்ஸபோன். அவன் பெயரில் வரப்போகும் இரண்டாவது ஆல்பம் இது. முதலாவதை வாங்கியதெல்லாம் சொந்தக்காரர்கள் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்ட மாடி அறையில் காலையிலிருந்து ஐந்து பாட்டுகளைப் பதிவு செய்தாயிற்று. பாக்கி ஒன்றுதான். பியானோ அக்கா முதல் சுரத்தைத் தொட்டாள்.

பாதியில் நெட்டையன் பாட்டை ஒத்திகையில் இல்லாத ஒரு பக்கம் மெல்லத் திருப்பினான். அடுத்து அவன் எங்கே போவான் என்பது, அவன் மூச்சு எடுக்கும் முன்பே டிரம்ஸ்காரனுக்குத் தெரிந்தது. இன்னொரு மனுஷனை இப்படித் தெரிந்துகொள்ள இனி எத்தனை ஜென்மம் வேண்டுமோ என்று நினைத்ததுதான் தாமதம், கை நின்றுவிட்டது. பியானோவும் தடுமாறி ஓய்ந்தது.

சாக்ஸபோன் மட்டும் நிற்கவில்லை. கொஞ்சம் தயங்கி, தனியாகவே போனது. நெட்டையன் வாசித்தபடியே திரும்பிப் பார்த்தான். கோபமில்லை; புருவத்தை மட்டும் உயர்த்தினான். டிரம்ஸ்காரன் குச்சியை வைத்துவிட்டு, மெல்லிய ஓசை தரும் கம்பி பிரஷை எடுத்து, சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்துகொண்டான்.

"மன்னிச்சுக்கடா," என்றான் முடிந்ததும். "மறுபடி எடுத்துடலாம்."

"எதுக்கு? இதுவே இருக்கட்டும்."

"நடுவுல நின்னுட்டேன்டா."

"அப்புறம் வந்துட்டேல்ல?"

பியானோ அக்கா மூக்கை உறிஞ்சினாள். "இன்னொரு தடவை என்னால முடியாதுப்பா."

டிரம்ஸ்காரன் தரையைப் பார்த்தான். "திங்கக்கிழமைலேர்ந்து நான்..."

"தெரியும். உன் வீட்ல தங்கச்சி போன வாரமே போன்ல சொல்லிடுச்சு. நீயா வாயைத் திறப்பேன்னு பார்த்தேன், கல்லுளிமங்கா!" நெட்டையன் சிரிக்கப் பார்த்தான், சரியாக வரவில்லை.

சாமான்களை ஏறக்கட்டினார்கள். ஊதுகிறவனுக்கு மூச்சு முக்கியம் என்று ஆறு வருஷமாகச் சுமை தூக்காமல் நழுவியவன், அன்று பெரிய டிரம்மைத் தானே கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டான். முகம் அதன் பின்னால் மறைந்துபோனது. படி தெரியாமல் காலால் துழாவினான்.

"இன்னும் எத்தனைடா?"

டிரம்ஸ்காரன் அவனுக்கு முன்னால், பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கினான், டிரம்மின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தபடி.

"நிறைய இருக்குடா. மெதுவா வா."