வாயில் குண்டூசி

கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் தையல்காரி வீட்டில் மட்டும் யாருக்கும் புதுத்துணி கிடைக்காது. ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பதற்குள் பண்டிகை வாசலில் வந்து நிற்கும். இந்த வருடமும் அதே கூத்துதான். முன்னறையில் தையல் மெஷின், மெஷினைச் சுற்றிப் பாதி வெட்டிய துணிகள், மூலையில் கிறிஸ்துமஸ் மரம். கால் வைக்க இடமில்லை. அந்த இடத்தில்தான் இரண்டு பிள்ளைகளும் வளர்ந்தாக வேண்டும்.

பெரியவனுக்கு ஏழு வயது. இன்று மாலை ஆலயத்தில் நடக்கப்போகும் நாடகத்தில் அவன் தேவதூதன். அவனுக்குக் கிடைத்தது ஒரே வசனம், “பயப்படாதீர்கள்!” அதைச் சோற்றுத்தட்டு முன்னாலும் குளியலறைக்குள்ளும் சொல்லிச் சொல்லி வீட்டில் இருப்பவர்களுக்கு உண்மையிலேயே பயம் வரவைத்திருந்தான். சின்னவளுக்கு மூன்று வயது முடிந்து சில மாதங்கள். அவளுக்கு வேஷம் எதுவும் இல்லை. அம்மாவை அப்படியே பார்த்துச் செய்வது ஒன்றே அவள் வேஷம்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம். வேலை செய்யும்போது குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வாள். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்துவாள். வாய் திறக்க முடியாதே, அதனால் அந்த வீட்டில் ‘ம்ம்’ என்று ஒரு தனி பாஷையே உண்டாகிவிட்டது. வெட்டி நிறுத்திய ம்ம் என்றால் சரி. ஏறி இறங்கும் ம்ம் என்றால் முதுகில் ஒன்று விழப்போகிறது. நீட்டி இழுத்த ம்ம்ம்ம் என்றால் அப்புறம் பார்க்கலாம். வேலை முடிந்ததும் ஊசிகளை உதட்டிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, “கடை சாத்தியாச்சு!” என்று இரண்டு கைகளையும் விரிப்பாள். பிள்ளைகள் ஓடிவந்து விழலாம். டிசம்பரில் மட்டும் அந்தக் கடை சாத்துவதே இல்லை. பிள்ளைகள் காத்திருந்து தூங்கிப்போவார்கள்.

ரொட்டிக்கடை அடுப்படியில் வேலை பார்க்கும் அவள் கணவன் போன கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு பரிசு வாங்கி வந்தான். ஊசி குத்தி வைக்கும் பஞ்சு உருண்டை, தக்காளி மாதிரி சிவப்பாக, மணிக்கட்டில் கட்டிக்கொள்ளப் பட்டையோடு.

“வாயில வச்சு வேலை பார்க்காதே. ஒரு நாள் முழுங்கித் தொலைச்சிட்டா, அப்புறம் என்னைத் திட்ட யாரு இருக்கா?” என்றான்.

“பழகின வாய்ங்க இது,” என்று அவள் அதை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டாள். இந்த வருடம் பிள்ளைகள் அதைத் தோண்டி எடுத்து மரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அவள் அஜாக்கிரதைக்காரி என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஊசி டப்பா அலமாரி உச்சியில் இருக்கும். கத்தரிக்கோல் ஆணியில் தொங்கும். தினமும் தரையில் காந்தம் ஓட்டுவாள். டப்பாவை எட்டாத இடத்தில் வைத்தாள், சரி. வாயை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

மத்தியானம், பெரியவனை முக்காலியில் நிற்கவைத்து, வெள்ளை அங்கியில் இரண்டு இறக்கைகளையும் ஊசியால் பொருத்திக்கொண்டிருந்தாள். சின்னவள் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, மரத்தைப் பாரேன்.”

“ம்ம்ம்ம்.”

“அம்மா, நட்சத்திரம்...”

“ம்ம்ம்ம்.”

அப்போது கதவைத் தட்டும் சத்தம். துணி வாங்க வந்த வாடிக்கைக்காரப் பெண். தையல்காரி உதட்டிலிருந்த ஊசிகளை டப்பாவில் போட்டு, அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். தைத்து வைத்திருந்த கவுனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கை சரியாக இருக்கிறதா, நீளம் போதுமா என்று வந்தவள் நாலு வார்த்தை பேசினாள். அவ்வளவு நேரம்தான்.

திரும்பி வந்தபோது சின்னவள் மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியிலிருந்த பொம்மைக்கு ஒரு வெள்ளைத் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“என்னடி செல்லம், பொம்மைக்குச் சட்டையா?”

“ம்ம்.”

வெட்டி நிறுத்திய ம்ம். தையல்காரி சிரித்துக்கொண்டே குனிந்தாள். மகளின் இறுக்கி மூடிய உதட்டு ஓரத்தில் நீலமாக ஒரு மணி தெரிந்தது. அது குண்டூசியின் தலை.

தையல்காரி நாற்காலியைப் பார்த்தாள். அங்கியின் இடது இறக்கை பாதி பிரிந்து தொங்கியது. மகள் எத்தனை ஊசி எடுத்தாள்? எல்லாம் வாயில்தான் இருக்கிறதா, இல்லை ஒன்றாவது அதற்குள்...? கத்தினால் பிள்ளை திடுக்கிட்டு மூச்சை உள்ளே இழுக்கும். பாய்ந்து போனால் ஓடிப்பிடிச்சு விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஓடும். தாடையைப் பிடித்துத் திறந்தால் அழும். அழுதாலும் அதே கதிதான்.

முக்காலியில் நின்ற பெரியவனும் பார்த்துவிட்டான். “அம்மா, இவ வாயி...” என்று ஆரம்பித்தவனை அவள் விரலைக் காட்டி அடக்கினாள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் சைக்கிள் மணி. கூடவே அவள் கணவனின் பாட்டு. ரொட்டிக்கடையிலிருந்து பாடிக்கொண்டே வருவான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சின்னவளைத் தூக்கி மேலே போட்டுப் பிடிப்பான். அவளும் வாயைப் பிளந்து கெக்கலி கொட்டிச் சிரிப்பாள். தினமும் பார்த்துப் பூரித்த காட்சி. இன்று அது நடக்கவே கூடாது.

“மெதுவா இறங்குடா கண்ணா,” என்றாள், தாலாட்டுகிற குரலில். “அப்பாவை வாசல்லயே நிறுத்து. சத்தம் போடாம சொல்லு.”

அவன் பூனை மாதிரி நழுவினான். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் கிசுகிசுப்பது கேட்டது. “அப்பா, பயப்படாதீங்க. பாடாதீங்க.” பாட்டு பாதியில் நின்றது.

தையல்காரி வலது இறக்கையிலிருந்து நாலு ஊசிகளை உருவித் தன் உதட்டில் கவ்விக்கொண்டாள். அவசரத்தில் ஒன்று உதட்டைக் கீறியது. மரத்திலிருந்து அந்தத் தக்காளி உருண்டையைக் கழற்றி, மகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“ம்ம்?” என்று பொம்மையைக் காட்டினாள்.

“ம்ம்!” சின்னவள் முகம் மலர்ந்தது. அம்மாவின் பாஷையில் அம்மாவே பேச வந்திருக்கிறாள்!

தையல்காரி ஓர் ஊசியை எடுத்து நிதானமாகத் தக்காளியில் குத்தினாள். சின்னவள் பார்த்தாள். தன் உதட்டிலிருந்து ஒன்றை உருவினாள். பக்கத்தில் குத்தினாள். தையல்காரி இரண்டாவதை எடுத்தாள். மகளும் எடுத்தாள். உதட்டில் இன்னும் ஒரு நீல மணி. தையல்காரி மூன்றாவதைக் குத்திவிட்டுக் காத்திருந்தாள். மகள் குத்தவில்லை. பொம்மையின் துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“ம்ம்?” என்று கெஞ்சினாள் தாய்.

தலையைக்கூட நிமிர்த்தாமல் பதில் வந்தது. “ம்ம்ம்ம்.”

அப்புறம் பார்க்கலாம். அதே இழுவை, அதே அலட்சியம். தான் எப்படிப் பேசிக்கொண்டிருந்தோம் என்று அவள் அன்றைக்குத்தான் காதால் கேட்டாள். கதவு இடுக்கில் கணவனின் முகம் தெரிந்தது, மாவு அப்பிய முகம், அதைவிட வெளுத்துப்போய். மூச்சு விடவும் பயந்து நின்றான்.

பொம்மைக்குச் சட்டை திருப்தியாக அமைந்த பிறகு, சின்னவள் கடைசி ஊசியை உருவித் தக்காளியில் குத்தினாள்.

“கடை சாத்தியாச்சு!” என்று இரண்டு கைகளையும் விரித்தாள்.

தையல்காரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழ முடியவில்லை. அவள் உதட்டில் இன்னும் ஓர் ஊசி இருந்தது.

“நீ இன்னும் சாத்தலியாம்மா?” என்று மகள் எட்டி அவள் வாயருகே உள்ளங்கையை நீட்டினாள்.

அந்த ஊசியையும் தக்காளியில் குத்திவிட்டுத்தான் அவள் உடைந்து அழுதாள். அழுதுகொண்டே மகளின் வாயைத் திறந்து, நாக்கடியிலும் கன்னத்திலும் விரல் விட்டுத் துழாவினாள். “எதையாவது முழுங்கினியா? சொல்லுடி!”

“ஊசியை முழுங்கக் கூடாதும்மா. குத்தும்,” என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாள் சின்னவள்.

தாய்க்கு மனசு ஆறவில்லை. இடது இறக்கையை மடியில் இழுத்துப் போட்டாள். மூன்று விரல் இடைவெளி விட்டு ஓர் ஊசி குத்துவது அவள் கைப்பழக்கம். பிரிந்த இடத்தில் விரல்களை வைத்து அளந்தாள். மூன்று ஊசி இடம் காலி. தக்காளியில் சின்னவள் குத்தியது மூன்று. மறுபடியும் அளந்தாள். கணவன் வந்து அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து, அவனும் தன் விரலை வைத்து அளந்து பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. பெரியவன் அப்பாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினான்.

திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தக்காளியை எடுத்து அவள் மணிக்கட்டில் பட்டையை இறுக்கிக் கட்டினான்.

சின்னவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அம்மா, வாயில ஒண்ணும் இல்லியே?”

“இல்லடி தங்கம்.”

“அப்ப பேசலாமா?”

“பேசு. என்ன வேணாலும் பேசு.”

“நட்சத்திரம் தலைகீழா இருக்கு,” என்றாள் அவள். “எத்தனை தடவை சொல்றது?”

எல்லோரும் மரத்தின் உச்சியைப் பார்த்தார்கள். உண்மைதான். கட்டிய நாளிலிருந்தே அது தலைகீழாகத்தான் இருந்திருக்கிறது. மெஷின் மேல் இரண்டு கவுன்கள் பாக்கி, இறக்கை இரண்டும் தொங்குகின்றன, நாடகத்துக்கு நேரமாகிறது. தையல்காரி எழுந்து மகளைத் தூக்கி உச்சிவரை உயர்த்தினாள்.

“நீயே திருப்பி வை,” என்றாள். “அவசரமே இல்லை.”