திங்கட்கிழமைத் தாள்

1986 இலையுதிர் காலத்தில், ஜேர்மனியில் ஹனோவருக்கு அருகே நாங்கள் இருந்த சிறிய ஊரின் நகரசபை, அகதிகளின் வைத்தியச் செலவைக் குறைக்க ஒரு கூட்டம் வைத்தது. வைத்தியரிடம் போகுமுன் நகரசபை அலுவலகத்தில் ஒரு அனுமதித் தாள் வாங்க வேண்டும். அதை இனித் திங்கட்கிழமைகளில் மட்டும் கொடுப்பது என்பது அவர்களின் யோசனை.

எங்கள் அகதி விடுதிக்காகச் சிசிலி அக்கா பேச முன்வந்தார். மன்னாரில் மாதர் சங்கத் தலைவியாக இருந்தவர். நான் பொருளியல் பட்டதாரி, ஜேர்மன் கற்றிருந்ததால் மொழிபெயர்க்கப் போனேன். மாசியில் என் மனைவி தேவமலர் இறந்தபின் நான் அதிகம் பேசுவதில்லை. மற்றவர் பேச்சைச் சொல்வது சுலபமாக இருந்தது.

புறப்படும்போது விடுதி வாசலில், எங்களோடு இருந்த லோறன்ஸ் சிரித்தான். “அக்கா, ஜேர்மன்காரரை ஏசிப்போடாதேங்கோ, பாவங்கள்.”

“ஏசாமல்? கும்பிடவோ போறன்?”

கூட்டத்தில், சும்மா சும்மா வைத்தியரிடம் ஓடுகிறீர்கள் என்றார் நகரசபை அதிகாரி. அக்கா எழுந்தார்.

“திங்கள் மட்டும் எண்டால் இருமல் இல்லாதவனும் வரிசையில நிப்பான். வியாழன் காய்ச்சல் வந்தால் என்ன செய்யிறது எண்ட பயம். மூண்டு மாதத் தாளை முதலே எங்கட கையில தாங்கோ. கையில இருந்தால் ஒருத்தரும் ஓடமாட்டினம்.”

மொழிபெயர்த்தேன். அதிகாரி சிரித்தார்.

அக்கா என்னைப் பார்த்தார். “தம்பி, அவவைப் பற்றிச் சொல்லட்டே?”

“சொல்லுங்கோ.”

“எங்கட விடுதியில ஒரு பிள்ளைக்கு வெள்ளி பின்னேரம் காய்ச்சல். அலுவலகம் பூட்டு. திங்கள் தாளோட கொண்டு போகேக்க அவவுக்கு நினைவில்லை. செத்துப்போனா.”

அதையும் சொன்னேன். குரல் மாறவில்லை.

“அவசரத்துக்குத் தாள் தேவையில்லையே?” என்றார் அதிகாரி.

“அது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு ஆர் சொன்னது?”

சபையின் முதிய பெண் உறுப்பினர் ஒருவர் என்ன நோய் என்று கேட்டார். அதை நான் அக்காவுக்குச் சொல்லவில்லை. நானே ஜேர்மன் மொழியில் பதில் சொன்னேன்.

“நியூமோனியா. நான் அவளின் கணவன். வெள்ளிக்கிழமையே என்றால் ஒரு வைத்தியரும் கொஞ்ச மாத்திரையும் போதுமாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரிக்கு நீங்கள் கட்டிய பணத்தில் எங்கள் விடுதி முழுவதும் ஒரு வருடம் வைத்தியரிடம் போயிருக்கலாம். கணக்கு உங்களிடம் இருக்கிறது. பாருங்கள்.”

அந்த அம்மா அதிகாரியிடம் கணக்கை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “சரியாகத்தான் சொல்கிறார்” என்றார்.

வாக்கெடுத்தார்கள். தாள் மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே எங்கள் கைக்கு வரும் என்று முடிவானது. அதிகாரியும் கை உயர்த்தினார்.

யோசனை யாருடையது என்று எழுத்தர் கேட்டார். ‘அகதிகள்’ என்றே எழுதத் தொடங்கியிருந்தார்.

“என்னவாம்?” என்றார் அக்கா. சொன்னேன்.

“ஏன், எனக்குப் பேர் இல்லையோ? முழுப்பேரையும் போடச் சொல்லு.”

சிசிலி ஞானமலர் ஆனந்தராசா. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். எழுத்தருக்குப் பிடிபடவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு முறையும் முன்னதைவிடச் சத்தமாகச் சொன்னேன்.