நடுவில் உப்பிய போர்வை

சமூக நலத்துறை அலுவலகத்தின் சந்திப்பு அறையில் கென்ட்ரா ஒரு கறுப்புக் குப்பைப் பையிலிருந்து அந்தத் துணியை எடுத்து விரித்தபோது, ரோண்டாவின் கண்ணில் முதலில் பட்டது அதன் நடுப்பகுதிதான். ஓரங்கள் இறுகி, நடு மட்டும் கவிழ்த்த கிண்ணம்போல உப்பி நின்றது. மஞ்சளும் நீலமுமாகச் சதுரத் துண்டுகள். போதை மறுவாழ்வு இல்லத்தில் இருந்த எட்டு மாதத்தில் கென்ட்ரா ஒட்டுப்போட்டுச் சேர்த்தவை.

"மேல்துணி மட்டும்தான் முடிஞ்சுது. பஞ்சும் அடித்துணியும் வச்சுத் தைக்க அங்க பெரிய மெஷின் இல்ல. நீங்க நல்லாத் தைப்பீங்கன்னு மேசி சொன்னா."

மேசி கென்ட்ராவின் மகள். ஆறு வயது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிப்ரவரிப் பனியில், காலுறைகூட இல்லாமல், சமூக நலத்துறைக்காரர்கள் ரோண்டாவின் வீட்டில் கொண்டுவந்து விட்ட குழந்தை. தாய் தேறும்வரை வளர்த்துத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கு முன் ஏழு குழந்தைகளை அப்படி வளர்த்துக் கையசைத்து அனுப்பியவள்தான் ரோண்டா. இந்த முறை மட்டும், தத்தெடுக்கும் படிவத்தில் கணவன் டெல் கையெழுத்துப் போட்டு சமையலறை இழுப்பறையில் வைத்திருந்தான். கென்ட்ரா தேறிவிட்டாள். வரும் வெள்ளிக்கிழமை குழந்தையை ஒப்படைக்க வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

"தைச்சுத் தர்றேன்" என்றாள் ரோண்டா. வேறென்ன சொல்ல முடியும்?

வீட்டு மெஷினில் அவ்வளவு பெரிய போர்வை நுழையாது. ட்வைலாவின் துணிக்கடையில் பின்னறையை அடைத்துக்கொண்டு, பெரிய போர்வைகள் தைக்கும் ஒரு லாங்ஆர்ம் மெஷின் இருந்தது. பன்னிரண்டடி நீள மேசை. மூன்று அடுக்கும் உருளைகளில் சுற்றி விறைப்பாக நிற்கும். துணியைத் தள்ள வேண்டாம். இரண்டு கைப்பிடிகளைப் பிடித்து மெஷினையே அதன்மேல் ஓட்ட வேண்டும். கற்றுக்கொள்ளாமல் யாரையும் தொடவிடமாட்டாள் ட்வைலா. பள்ளிக்கூடத்திலிருந்தே தோழி என்றாலும் ரோண்டாவுக்கும் அதே சட்டம்தான்.

"ஏண்டி, பால் கறக்கற மாதிரி இறுக்கிப் பிடிக்கிற? அது உங்கப்பன் வீட்டு மாடு இல்ல. விரல் நுனியில பிடி. உன் பேரை எழுது பாப்போம்."

வெள்ளைத் துணியில் ரோண்டா தன் பெயரை ஓட்டினாள். கோழி கிளறியதுபோல இருந்தது. மேசியின் பெயரை ஓட்டினாள். அதுவும் அப்படித்தான் இருந்தது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பள்ளிக்கூடச் சமையல் வேலை முடிந்ததும் நேரே கடைக்கு வந்தாள். புதன்கிழமை, போர்வையில் ஓட்ட வேண்டிய வளையத் தையல்கள் வளையங்களாகவே விழுந்தன.

வியாழன் மதியம் கென்ட்ராவின் துணியை உருளையில் ஏற்றுமுன் ட்வைலா உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"நடுவுல ஒரு பூனையே படுத்திருக்கும்போல. நாலு தையலப் பிரிச்சு ரெண்டு விரக்கடை வெட்டிட்டுத் திரும்பத் தை. சமமாயிடும். யாருக்குத் தெரியப்போகுது?"

ரோண்டாவுக்கும் அந்த ஆசை இருந்தது. தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்து ஒரு மூலையில் நுழைத்தாள். பிரியவில்லை. திருப்பிப் பார்த்தாள். அதே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று தையல். அடுத்த மூலையிலும் மூன்று. எங்கும் பிய்ந்துவிடக் கூடாது என்று பயந்து பயந்து ஓட்டியிருக்கிறாள் கென்ட்ரா. ரோண்டா கொக்கியை வைத்துவிட்டு, "அப்படியே ஏத்திடலாம்" என்றாள். ட்வைலா உருளையைச் சுற்ற ஆரம்பித்தாள்.

முதல் வரிசை முடிவதற்குள் கடை மணி அடித்தது. பள்ளியிலிருந்து மேசியை அழைத்துக்கொண்டு கென்ட்ரா வந்திருந்தாள். இந்த வாரம் முழுக்க அவள்தான் அழைத்துவர வேண்டும் என்பதும் நீதிமன்ற ஏற்பாடு. இந்த ஒரு மதியத்தையாவது தனியாக இந்தத் துணியோடு கழித்துவிடலாம் என்று ரோண்டா நினைத்திருந்தாள்.

"ரோ, அம்மாவும் தைக்கலாமா?" என்றாள் மேசி.

"ஐயோ, நான் தொடமாட்டேன். சும்மா பாக்கத்தான் வந்தோம்."

ரோண்டாவின் கைகள் கைப்பிடியை விடாமல் ஒரு நிமிடம் அப்படியே இருந்தன. பிறகு விலகி நின்றாள். ட்வைலா தன் சட்டத்தை மறந்தவள்போலப் பின்னறை வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். "வா. இப்படி விரல் நுனியில பிடி."

கென்ட்ரா மெஷினை ஓட்டினாள். வளையங்கள் முக்கோணமாகவும் முடிச்சாகவும் விழுந்தன. பார்வையை ஊசியிலிருந்து எடுக்காமலே கேட்டாள்:

"ராத்திரி எந்திரிச்சு அழுதா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"முதுகுல கை வச்சுட்டு உக்காந்திருப்பேன். பேச மாட்டேன். பேசினா தூக்கம் கலைஞ்சுடும்."

"பேசக் கூடாது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள் கென்ட்ரா.

ஊசி உப்பலை நெருங்கியது. துணி அலையாகச் சுருண்டு முன்னால் ஓடியது. மடிப்பு விழப்போகிறது என்று ரோண்டாவுக்குத் தெரிந்தது. அதற்குள், எதிர்ப்பக்கம் நின்ற மேசி துணியை அமுக்கிப் பிடிக்கக் கையை நீட்டினாள். ரோண்டா அலற வாயைத் திறந்தாள்.

"கைய எடு, மேசி. ஊசி." மெஷின் நின்றிருந்தது. கென்ட்ராதான் நிறுத்தியிருந்தாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. மேசி கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ரோண்டா வாயை மூடினாள். அலறுவதற்கு எதுவும் மிச்சமில்லை. மெஷின் மறுபடி ஓடியபோது மடிப்பு விழுந்தேவிட்டது. விரல் நீளத்துக்கு, தழும்புபோல.

"இதைப் பிரிச்சுடட்டுமா?" என்று கென்ட்ரா திரும்பிக் கேட்டாள்.

"உன் இஷ்டம்."

கென்ட்ரா யோசித்தாள். "இருக்கட்டும்."

"அடியில நூல் சரியா விழுதான்னு யாராவது குனிஞ்சு பாருங்கடி" என்று ட்வைலா வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

ரோண்டா முழங்காலிட்டு மேசைக்கு அடியில் தலையை நுழைத்தாள். தலைக்குமேல் விளக்கு வெளிச்சத்தில் அடித்துணி மங்கலாக ஒளிர்ந்தது. நூல் சரியாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கம் கென்ட்ராவின் தேய்ந்த காலணிகள் இடப்பக்கம் ஓர் அடி வைத்தன. அவற்றின் அருகே, எதிர்ப்பக்கத்திலிருந்து சுற்றி வந்துவிட்டிருந்த மேசியின் சிவப்பு மழைக்காலணிகளும் ஓர் அடி வைத்தன. மெஷின் நகர நகர நான்கும் ஒன்றாக நகர்ந்து, மேசையின் கோடிக்குப் போய், திரும்பி வர ஆரம்பித்தன.