குசுமி குனிந்த கதை

கடலோர ஊர் ஒன்றின் மூன்றாம் பிரிவுக் கால்பந்து அணி எங்களுடையது. குசுமி அதில் நடுக்கள ஆட்டக்காரன். எதிராளியின் காலிலிருந்து பந்தை அவனுக்கே தெரியாமல் எடுத்துவிடுவான். பின்னால் கோல் காக்கும் எனக்குத்தான் அவன் அருமை தெரியும். அவன் பெயர் போட்ட சட்டையை அவன் அம்மாவைத் தவிர யாரும் வாங்கியதில்லை. வெளியாள் ஒருவர் வாயால் தன் ஆட்டத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

வசந்த காலத்தில் ஒரு ஆட்டம். அபூர்வமாகக் கால் தவறி, எதிரணியின் தோகாஷியை இடறிவிட்டான். உடனே எங்கள் நாட்டு வழக்கப்படி இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டான். தோகாஷியும் எழுந்து பதிலுக்குக் குனிந்தான். வந்தது வினை. முதலில் நிமிர்பவனுக்கு மரியாதை தெரியாது என்று ஆகிவிடுமே! இருவரும் நிமிரவில்லை. அதற்குள் எதிரணி பந்தை உதைத்து, குசுமி நிற்க வேண்டிய இடத்தின் வழியாகவே கொண்டுவந்து என் வலைக்குள் தள்ளிவிட்டது. நான் கத்திய கத்தலுக்கும் இரண்டு தலைகளும் அசையவில்லை.

அந்தக் காணொளியை உலகமே பார்த்தது. கோல் வாங்கியவன் நான், பேர் வாங்கியவன் அவன். பிரேசிலில் பள்ளிப் பிள்ளைகள் குனிந்தார்கள். எங்கள் மைதானக் கடையில் குனிந்த குசுமி பொம்மை விற்றுத் தீர்ந்தது.

அணியின் விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷிமோயாமா அம்மாள் உடைமாற்றும் அறைக்கே வந்துவிட்டார்.

"குசுமி சான், ஆட்டத்துக்கு ஒருத்தரையாவது லேசா இடறி விடுங்களேன்."

"நான் பந்தை எடுக்கிறவனுங்க."

"பந்தை யாருங்க பார்க்கிறாங்க?"

அவர் போனதும் நான் சொன்னேன்: "டேய், நீ குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள கோல் கம்பத்தையே பிடுங்கிட்டுப் போயிடுவானுங்க."

"சிரிக்காதடா. 'உங்க பையன் என்ன அழகா குனியறான்'னு ஊர்ல எல்லாரும் அம்மாகிட்ட சொல்றாங்களாம்."

கடைசி ஆட்டமும் தோகாஷியின் அணியோடுதான். தோற்றால் கீழ்ப்பிரிவு. ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். ஆட்டம் முடியும் தறுவாயில் தோகாஷி தனியாக என்னை நோக்கிப் பாய்ந்து வந்தான். போச்சு என்று நினைத்தேன். குறுக்கே சறுக்கி வந்த குசுமி பந்தை மட்டும், வெறும் பந்தை மட்டும் எடுத்தான். அப்படியொரு ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை. விழுந்த தோகாஷி எழுந்தான். கேமரா இருக்கும் பக்கம் பார்த்துத் திரும்பி நின்று, குசுமிக்குக் குனிந்தான். அரங்கம் முழுக்கக் கைபேசிகள் உயர்ந்தன. குசுமி பந்தோடு ஓடிவிட்டான். நாங்கள் பிழைத்தோம்.

மாலைக்குள் இணையம் அவனைத் திமிர் பிடித்தவனாக்கிவிட்டது. மறுநாள் அணி நிர்வாகம் அவனுக்குக் கறுப்பு உடுப்பு மாட்டி, மன்னிப்புக் கேட்கப் பத்திரிகையாளர்கள் முன் நிறுத்தியது. குசுமி குனிந்தான். கேமராக்கள் மின்னின. எல்லாவற்றையும் எட்டி உதைக்கலாம் போல எனக்கு ஆத்திரம்.

பின்வரிசையில் ஒரு நிருபர் கையைத் தூக்கினார். "தோகாஷிகிட்டேருந்து பந்தை எடுத்தீங்களே, பிசிறே இல்லாம..."

குசுமி சட்டென்று நிமிர்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "ஆமாங்க! அவர் இடது காலை ஊன்றப் போறார்னு முன்னாடியே..."

"அது இருக்கட்டுங்க. அவர் குனிஞ்சாரே, பதிலுக்கு நீங்க ஏன் குனியலை?"

குசுமி அவரையே பார்த்தான். பிறகு மறுபடியும் குனிந்தான். இந்த முறை நிமிர வெகுநேரம் ஆயிற்று.