அறை கிடைக்காத செவ்வாய்க்கிழமை

என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத மூன்று பேர் வேண்டும் என்றான் டாவிஷ். நாற்பதாயிரம் பேர் வேலை பார்க்கிற கம்பெனி. எனக்கு ஒருத்தர் பெயர்கூட வாயில் வரவில்லை.

டாவிஷ் என் மேனேஜர். ஏழு வருடத்தில் ஆறாவது ஆள். வருடாந்திர மதிப்பீட்டுக்கு வெள்ளிக்கிழமைக்குள் மூன்று பெயர் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயர் ஏறிவிடும். எனக்கோ ஐம்பத்து நான்கு வயது, வெளியே போனால் எவன் கூப்பிடுவான்?

"கூட வேலை செஞ்சவங்க யாரையாவது சொல்லுங்க, வெர்னா."

"யாரு கூட செஞ்சாங்க? தனியாத்தானே உட்கார வச்சிருக்கீங்க."

"உங்க சாஃப்ட்வேர் ஒரு நாள்கூட மக்கர் பண்றதில்லையே! ஒரு தடவை நின்னுபோயிருந்தா ஊருக்கே உங்களைத் தெரிஞ்சிருக்கும்" என்று சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் பார்த்துக்கொள்வது கூட்ட அறைகளை ஒதுக்கிக் கொடுக்கும் மென்பொருள். நாற்பத்திரண்டு கட்டடங்களிலும் எந்த அறை யாருக்கு, எத்தனை மணிக்கு என்று கதவோரத்துச் சின்ன மின்திரைகளில் காட்டுவது அதுதான். அது ஓடுவதற்கு அனுமதிச் சீட்டு மாதிரி ஒரு டிஜிட்டல் சான்றிதழ் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் எல்லாத் திரையும் அணைந்துவிடும். பத்து நிமிட வேலை, ஏழு வருடமும் தேதி தவறாமல் செய்தேன். இந்த வருடமும் நான் மறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் காலாவதியாகும் என்று தெரிந்தே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து ஐந்துக்கு நடைக்கூடத்தில் சத்தம் கேட்டது.

"நாங்கதான் முதல்ல வந்தோம்!"

"ஆமா, கதவுல உன் பேரு எழுதியிருக்கு பாரு!"

பிறகு என் கதவையே தட்டினார்கள். ஒட்டடைக்கம்பு மாதிரி ஒருவன், பெயர் ஆன்சல். பின்னாலேயே மரிசேலா என்று ஒருத்தி.

"வெர்னாங்கறது நீங்கதானா? அடக் கடவுளே, அடுத்த அறையிலதான் நான் மூணு வருஷமா இருக்கேன்!"

"அவங்களைப் போட்டு அரிக்காதடா" என்றாள் மரிசேலா. "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

அவள் கீழே போய் டோனட்டும் காபியும் வாங்கி வந்தாள். ஆன்சல் என் கோட்டை நகர்த்திவிட்டு இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த நாற்காலியில் கோட்டைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. தன் நாய் சோஃபாவைக் கடித்துத் தின்ற கதையைச் சொன்னான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே புதிதாக இருந்தது.

"கொஞ்சம் சிக்கல்தான்" என்று சொல்லிக்கொண்டே விசைப்பலகையை வெறுமனே தட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் முடிக்க மனசே வரவில்லை. பதினொன்றரைக்கு என் அறையில் ஒன்பது பேர். எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"வெர்னா, பன்னிரண்டுக்கு எனக்குப் பெரிய கூட்டம். நடக்குமா, நடக்காதா?" என்றான் ஆன்சல். முகம் வெளிறியிருந்தது.

பாவமாகிவிட்டது. அன்றைக்கு மட்டும் ஓடுகிற மாதிரி ஒரு ஒட்டுப் போட்டேன். திரைகள் மறுபடி ஒளிர்ந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். ஆன்சல், மரிசேலா, இன்னொரு பையன், மூன்று பேருமே எனக்காக எழுதுவதாகச் சொன்னார்கள். வேலை தப்பியது.

ஒரே நிமிடத்தில் அறை காலியானது. நடைக்கூடத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுவது கேட்டது. பக்கத்து அறையில் ஆன்சல் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். என்னை இனி எதற்குத் தேடப்போகிறான்?

முறையான சான்றிதழ் இன்னும் பாக்கி இருந்தது. படிவத்தைத் திறந்தேன். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டது. எப்போதும் ஒரு வருடம் என்றுதான் போடுவேன்.

முப்பது நாள் என்று போட்டேன்.